வலியும் காலமும் இடனும்
(ரவாங் வட்டாரம் கண்ட பிரித்தானியப் படைக்கருவிகள்)

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை 48, 49, 50 என அடுத்தடுத்து நிறுத்தினார். படையெடுக்க எண்ணும் வேந்தன் தன் வலிமையை முதலில் அளந்து, பின் உரிய காலத்தையும், அதன்பின் ஏற்ற இடத்தையும் ஆராய வேண்டும் என்பது அவ்வைப்பு முறையின் கருத்தாகும். வாளும் வேலும் யானையும் தேருமாகப் போர் நிகழ்ந்த காலத்தில் வகுக்கப்பட்ட இவ்வரிசை, கவச வண்டியும் ஜெட் விமானமும் வந்துவிட்ட காலத்திற்கும் பொருந்துமா என்று கேட்பின், அதற்கு விடை தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. சிலாங்கூர் மாநிலத்தின் ரவாங் நகரையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் நோக்கினாலே போதும். 1942ஆம் ஆண்டு முதல் 1960ஆம் ஆண்டு வரையிலான காலப் பகுதியில் பிரித்தானியப் பேரரசின் படைக்கருவிகள் தோற்றதையும், மீண்டு வந்ததையும், தம்மை மாற்றிக்கொண்டதையும் இவ்வட்டாரம் தன் கண்முன்னே கண்டது.

சாலை தந்த சிறப்பும் சுமையும்

ரவாங் கோலாலம்பூருக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஈயத்தால் தோன்றிய ஊர் இது. 1894ஆம் ஆண்டிலேயே லோக் இயூவும் கே. தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கிப் பொறியை நிறுவி, இந்நாட்டில் மின்சாரத்தின் வருகைக்கு வழிகோலினர் என்பது பலரும் அறிந்த செய்தி. ஈயத்திற்குப் பின் இரப்பர் வந்தது; அருகிலுள்ள பத்து ஆராங்கில் நிலக்கரி வெட்டப்பட்டது. இவற்றைக் கொண்டுசெல்ல இருப்புப் பாதையும், ஈப்போவையும் தலைநகரையும் இணைக்கும் பெருஞ்சாலையும் இவ்வூரின் ஊடாகவே சென்றன.

பொருள் செல்லும் வழியே படை செல்லும் வழியும் ஆகும். வடக்கிலிருந்து இப்பெருஞ்சாலை வழியே தலைநகரை நோக்கி வரும் எந்தப் படையும் ரவாங்கைக் கடந்தே தீர வேண்டும். கிழக்கே நடுமலைத் தொடரின் அடர்காடு. மேற்கே தோட்டங்களும் சதுப்பு நிலங்களும். ஆகவே போர்க் காலங்களில் இந்தச் சாலை பேரரசுகளின் வலிமையை அளக்கும் அளவுகோலாக ஆயிற்று.

காலம் தவறிய கருவிகள்

1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தாபாருவில் ஜப்பானியர் கரையிறங்கியபோது மலாயாவைக் காக்க பிரித்தானியரிடம் இருந்த கருவிகள் யாவை? வான்காப்பிற்கு 336 விமானங்கள் வேண்டும் என்று இலண்டனிலிருந்த படைத்தலைவர்களே ஒப்புக்கொண்டிருந்தனர். மலாயாவில் இருந்த தளபதிகளோ அதனினும் மிகுதியாகக் கேட்டனர். போர் தொடங்கியபோது போருக்கு ஆயத்தமாக இருந்தவை 158 மட்டுமே. அவற்றுள் சண்டை விமானங்களாக இருந்தவை அமெரிக்காவில் செய்யப்பட்ட பஃபலோக்கள். ஜப்பானியரின் விமானங்களுக்கு அவை ஈடுகொடுக்கவில்லை. கப்பல்களைத் தாக்குவதற்கென இருந்த விக்கர்ஸ் வில்டிபீஸ்டு விமானங்கள் இரட்டை இறக்கை கொண்ட பழைய வகையைச் சேர்ந்தவை. தரைப் படைக்கு ஒரு டாங்கிகூட இல்லை. காடடர்ந்த மலாயாவில் டாங்கிகள் இயங்க மாட்டா என்னும் எண்ணம் அக்காலத்தில் நிலவியிருந்தது.

அந்த எண்ணம் பிழையானது. காட்டில் டாங்கி செல்லாது என்பது உண்மையே. ஆயின் இரப்பருக்கும் ஈயத்திற்கும் ஆங்கிலேயரே அமைத்த நல்ல சாலையில் அது தடையின்றிச் செல்லும். 1942 ஜனவரி 7ஆம் நாள் விடியுமுன் சிலிம் ரிவர் பகுதியில் ஜப்பானிய டாங்கிகள் நிலவொளியில் அச்சாலை வழியே ஊடுருவின. சில மணி நேரத்திற்குள் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரம் பாய்ந்து, 11ஆம் இந்தியப் படைப்பிரிவின் இரண்டு பிரிகேடுகளைச் சிதறடித்தன. இறுதியில் பீரங்கிக் குழு ஒன்று மிக அண்மையில் நின்று சுட்டு முன்னணி டாங்கியை நிறுத்தியது. ஆனால் அதற்குள் சிலாங்கூரின் வாயில் திறந்துவிட்டது.

எஞ்சிய இந்தியப் படையினர் தெற்கே பின்வாங்கி, ஜனவரி 10ஆம் நாள் ரவாங்கை ஒட்டிய செரண்டாவிலும் சுங்கை சோவிலும் எதிர்த்து நின்றனர். இருமருங்கும் சூழ்ந்து வளைக்கும் உத்தியை ஜப்பானியர் அங்கும் கையாண்டனர். போரிட்டுக்கொண்டே வெளியேறுவதைத் தவிர வேறு வழியில்லை. மறுநாள், ஜனவரி 11ஆம் நாள், கோலாலம்பூர் வீழ்ந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து, ஜனவரி 13ஆம் நாள், பெட்டிகளில் அடைக்கப்பட்ட 51 ஹரிக்கேன் சண்டை விமானங்கள் கப்பலில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. பிரிட்டன் தன் வானத்தை 1940இல் காத்துக்கொள்ளப் பெரிதும் உதவிய விமானம் அது. கருவி சிறந்தது, காலம் தவறியது. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரும் சரணடைந்தது.

படைவீரனின் தோல்வியோடு இக்கதை முடிவதில்லை. பாதுகாப்போம் என்று கூறிய பேரரசு பின்வாங்கிய சாலையின் இருமருங்கும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் விடப்பட்டன. துரைமார்கள் சென்றபின் தோட்டங்களில் வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. அடுத்த ஆண்டுகளில் தோட்டப்புறங்களிலிருந்து பல்லாயிரவர் சயாம் - பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், திரும்பாதோர் எண்ணற்றோர். 158 என்னும் எண்ணுக்கும் 336 என்னும் எண்ணுக்கும் இடைப்பட்ட பள்ளத்தின் ஆழத்தை அளந்தவர்கள் அவர்களே.

மோரிப்பின் சேறு

1945 செப்டம்பர் 9ஆம் நாள் பிரித்தானியர் மீண்டும் வந்தனர். கிள்ளானுக்குத் தெற்கேயுள்ள மோரிப் கடற்கரை அவர்கள் இறங்கிய இடங்களுள் ஒன்று. இம்முறை டாங்கிகளுக்கும் பாரவண்டிகளுக்கும் குறைவில்லை. ஜப்பான் ஏற்கெனவே சரணடைந்துவிட்டமையால் எதிர்ப்பாரும் இல்லை. எனினும் கடற்கரை மணலென்று எண்ணி இறக்கப்பட்ட வண்டிகள் பல அடியிலிருந்த சேற்றில் அழுந்தி நின்றன. எதிரி துப்பாக்கியுடன் காத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணவே அச்சம் பிறக்கும்.

இடனறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் உவமைகளுள் சேற்றில் கால் அழுந்திய யானையும் ஒன்று. வேலேந்திய வீரரை எதிர்த்து அஞ்சாது நின்ற களிறும் சேற்றில் சிக்கினால் நரிக்கு இரையாகும் என்பது அதன் கருத்து. மோரிப்பில் நின்ற இரும்பு யானைகளுக்கு நரி வாய்க்கவில்லை. அது பேரரசின் நற்பேறு. 1942இல் வலியும் காலமும் தவறின. 1945இல் வலியிருந்தும் இடம் தவறியது.

காட்டின்மேல் பறந்தவை

1948 ஜூன் 18ஆம் நாள் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் கொரில்லாக்கள் காட்டைத் தளமாகக்கொண்டு தோட்டங்களையும் சுரங்கங்களையும் தாக்கினர். அடுத்த மாதமே ரவாங்கிற்கு அருகிலுள்ள பத்து ஆராங் நிலக்கரி நகரம் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அரச விமானப்படை தன் நடவடிக்கைகளுக்கு ஃபயர்டாக் என்று பெயரிட்டு, கோலாலம்பூரின் சுங்கை பெசித் தளத்திலிருந்தும் சிங்கப்பூர்த் தளங்களிலிருந்தும் இயங்கியது.

முதலில் வந்தவை உலகப் போரில் புகழ்பெற்ற விமானங்களே. ஸ்பிட்ஃபயர் விமானம் அரச விமானப்படையில் தன் கடைசித் தாக்குதலை 1951 ஜனவரி முதல் நாளன்று மலாயாக் காட்டின் மேல்தான் நிகழ்த்தியது. பின்னர் ஹார்னெட், வேம்பயர், வெனம் முதலியன வந்தன. லிங்கன் என்னும் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் ஆயிரம் பவுண்டு எடையுள்ள குண்டுகளைச் சுமந்து வந்து பொழிந்தது. இவற்றால் விளைந்த பயன் மிகச் சிறிது. மேலிருந்து நோக்குவார்க்குக் காடு ஒரே பச்சைப் பாயாகத் தெரியும். அதனடியில் சிறுசிறு குழுக்களாக நடமாடுவோரைக் குண்டு தேடிப் பிடிப்பதில்லை. காட்டின் ஈரமும் கருவிகளைத் தாக்கியது. பிரிகண்ட் என்னும் தாக்கு விமானத்தில் வேகந்தணிக்கும் அமைப்பிலிருந்த தோலுறைகள் வெப்பமண்டலக் காற்றில் உளுத்துப்போயின. அதனால் விபத்துகள் நேர்ந்தன. குளிர்நாட்டுத் தொழிற்சாலையில் குறையின்றிப் பிறந்த பொருள் இந்நாட்டுப் பருவநிலையில் குறையுடையதாயிற்று.

உண்மையில் பயன் தந்தவை எளிய கருவிகளே. 1950இல் டிராகன்ஃபிளை என்னும் மூன்று ஹெலிகாப்டர்கள் சிங்கப்பூருக்கு வந்தன. வெப்பக் காற்றில் அவற்றால் மிகுந்த பாரத்தைத் தூக்க இயலாது. ஆயினும் காயம்பட்டவரைத் தூக்குக் கட்டிலில் வைத்து நாள்கணக்கில் காட்டுவழியே சுமந்துவந்த நிலையை மாற்றி, சில மணி நேரத்திற்குள் மருத்துவமனையில் சேர்த்தவை அவையே. 1953 ஜனவரியில் கடற்படையின் 848ஆம் அணி அமெரிக்காவில் செய்யப்பட்ட பெரிய ஹெலிகாப்டர்களுடன் வந்த பிறகு, படையினரையே காட்டிற்குள் இறக்க முடிந்தது. ஸ்காட்லாந்தில் செய்யப்பட்ட பயனியர் விமானம் நூறு கஜத்துக்கும் குறைந்த ஓட்டத்தில் எழும்பவும் இறங்கவும் வல்லது. காட்டுக் கோட்டைகளுக்கு ஆளும் பொருளும் சேர்த்தது. தரைப்படையினரே ஓட்டிய ஆஸ்டர் என்னும் சிறு விமானம் தாழப் பறந்து, காட்டினுள் பயிரிடப்பட்ட திட்டுகளையும் புதுத் தடங்களையும் கண்டறிந்தது. டக்கோட்டாவும் வேலட்டாவும் வான்குடைகளால் உணவு இறக்கின.

குண்டைவிட வலிய கருவி ஒன்றும் வானிலிருந்து விழுந்தது, அது காகிதம். சரணடைந்தோரின் நிழற்படமும் கைப்பட எழுதிய செய்தியும் அச்சிட்ட துண்டறிக்கைகள் கோடிக்கணக்கில் தூவப்பட்டன. 1952 முதல் ஒலிபெருக்கி பொருத்திய விமானங்கள் காட்டின்மேல் வட்டமிட்டு, மனித மொழியில் பேசின. குண்டிற்கு அசையாத காடு, பெயர் சொல்லி அழைத்த குரலுக்குச் சில வேளை அசைந்தது.

சாலையில் ஓடிய கவசங்கள்

தரையிலோ மீண்டும் சாலையே களமாயிற்று. தொடக்கத்தில் பாரவண்டிகளுக்கும் தோட்டத் துரைமாரின் கார்களுக்கும் இரும்புத் தகடு அடித்து ஒப்பேற்றினர். இரவில் இரயில் வண்டிக்கு முன்னே விக்கம் நிறுவனம் செய்த சிறு கவச வண்டி தண்டவாளத்தைச் சோதித்துக்கொண்டு ஓடியது. பின்னர் டெய்ம்லர் நிறுவனத்தின் ஃபெரெட் வேவு வண்டி வந்தது. கவென்ட்ரி நகரில் ஆல்விஸ் நிறுவனம் ஆறு சக்கரக் கவச வண்டிகள் இரண்டை வடிவமைத்துக்கொண்டிருந்தது. சலாடின் என்பது பீரங்கி ஏந்தியது. சராசென் என்பது பத்துப் பேரளவில் படையினரை ஏற்றிச் செல்வது. மலாயாவின் தேவை கருதிச் சராசெனே முதலில் செய்து அனுப்பப்பட்டது. அதன் உற்பத்தி 1952இல் தொடங்கியது. ஐரோப்பியச் சமவெளிக்கென எண்ணிய ஒரு படைக்கருவித் திட்டத்தின் வரிசையையே மலாயாவின் தோட்டச் சாலைகள் மாற்றியமைத்தன எனலாம்.

இத்தகைய கவசத்தின் தேவையை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி 1951 அக்டோபர் 6ஆம் நாள் நடந்தது. உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி கோலாலம்பூரிலிருந்து பிரேசர் மலைக்குச் சென்றார். ரவாங்கைக் கடந்து, கோலக்குபு பாருவிலிருந்து மலையேறும் வளைவுச் சாலையில் கொரில்லாக்கள் அவரைச் சுட்டுக் கொன்றனர். கொடி பறந்த அவரது ரோல்ஸ் ராய்ஸ் காருக்குக் கவசம் இல்லை. உடன்வந்த வானொலி வண்டி வழியிலேயே பழுதுபட்டு நின்றுவிட்டது. வலியைக் காட்டும் அணிவகுப்பு வேறு. வலியோடு செல்வது வேறு என்பதை அவ்வளைவு உணர்த்தியது.

முள்வேலிக்குள் வாழ்ந்தவர்கள்

1950இல் பிரிக்ஸ் திட்டம் வகுக்கப்பட்டது. காட்டோரத்தில் சிதறி வாழ்ந்த ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சீனர், புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். தோட்டங்களிலும் தொலைவிலிருந்த லயங்கள் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு முள்வேலியால் சூழப்பட்டன. வேலி வாயிலில் சோதனை, கையில் அடையாள அட்டை, அளந்து கொடுத்த அரிசி, இருட்டியபின் ஊரடங்கு. பால்வெட்டச் செல்வோர் பகலுணவை எடுத்துச் செல்வதிலும் கட்டுப்பாடு இருந்தது. கொரில்லாக்களுக்கு உணவு கிடையாமற் செய்வதே இதன் நோக்கம். நோக்கம் நிறைவேறியது. போரின் போக்கை மாற்றிய கருவி லிங்கன் விமானமன்று, இந்த முள்கம்பியே என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. 1952இல் வந்த ஜெனரல் டெம்ப்ளரும், விடை காட்டில் மேலும் மேலும் படைகளைக் குவிப்பதில் இல்லை, மக்களின் உள்ளங்களில் உள்ளது என்பதை வற்புறுத்தினார்.

ஆனால் அவ்வுள்ளங்கள் பட்ட காயங்களும் கணக்கில் சேர வேண்டும். 1948 டிசம்பரில், ரவாங்கிற்கு வடக்கேயுள்ள பத்தாங் காலியை அடுத்த தோட்டமொன்றில், ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் ஆயுதமற்ற 24 பேரைச் சுட்டுக் கொன்றனர். பெண்களும் பிள்ளைகளும் லாரியில் ஏற்றி அகற்றப்பட்டிருந்தனர். அங்கே பேசியவை படைத்துப்பாக்கிகள் மட்டுமே. பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. மாண்டோரின் குடும்பத்தார் பொது விசாரணை கோரித் தொடுத்த வழக்கைப் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2015இல் தள்ளியது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2018இல் ஏற்க மறுத்தது.

தமிழருக்கு மறக்கவொண்ணாத மற்றொரு நிகழ்ச்சி ரவாங்கிலேயே நடந்தது. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, 1949 மார்ச்சில் ரவாங் வாட்டர்ஃபால் தோட்டத்தருகே கைது செய்யப்பட்டார். அவரிடம் இருந்தது ஒரு கைத்துப்பாக்கியும் சில தோட்டாக்களும். அவசரகாலச் சட்டத்தின்கீழ் அதற்கே தண்டனை மரணம். இந்திய அரசு பரிந்துரைத்தும் பயனின்றி, 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அவரது அரசியலை ஏற்பாரும் மறுப்பாரும் உண்டு. ஆயின் ஆயிரம் பவுண்டுக் குண்டுகள் வானிலிருந்து விழுந்த அதே மண்ணில், ஒரு சிறு துப்பாக்கி ஓர் உயிரின் விலையாயிற்று என்பதை எவரும் மறுத்தற்கில்லை. அவசரகாலம் 1960 ஜூலை 31ஆம் நாள் முடிவதற்குள் 2,400க்கும் மேற்பட்ட பொதுமக்களும், 6,700 அளவில் கொரில்லாக்களும், பாதுகாப்புப் படையினர் ஏறத்தாழ 1,900 பேரும் மாண்டிருந்தனர்.

விடுதலைக்குப் பின்

1957 ஆகஸ்டு 31இல் நாடு விடுதலை பெற்றது. மறு ஆண்டு ஜூன் முதல் நாள் தோன்றிய மலாயா விமானப்படையின் முதல் விமானம், ஸ்காட்லாந்தில் செய்யப்பட்ட டுவின் பயனியர். அதற்கு லாங் ராஜாவாலி என்று பெயர் சூட்டப்பட்டது. போர் விமானத்தைத் தேடாது, குறுகிய திடலில் இறங்கும் எளிய விமானத்தை இளம் நாடு தெரிந்தெடுத்தது, காட்டுப்போர் கற்பித்த பாடத்தின் பயனாகும். பின்னாளிலும் பிரித்தானியக் கருவிகள் வந்தன. 1980களில் ஆல்விஸ் நிறுவனத்தின் ஸ்கார்ப்பியன் கவச வண்டிகளும், 1994 முதல் ஹாக் ஜெட் விமானங்களும் மலேசியப் படைகளில் சேர்ந்தன. ஆனால் அவற்றை வாங்குவோரும் ஆள்வோரும் இந்நாட்டவரே. எங்கே, எப்பொழுது, எதற்காக என்னும் வினாக்களுக்கு விடையளிக்கும் பொறுப்பும் இந்நாட்டவருடையதே. ஃபயர்டாக் விமானங்கள் எழுந்த சுங்கை பெசித் தளமும் 2018இல் விமானப்படைப் பணியிலிருந்து ஓய்ந்தது. போர்ட் டிக்சனிலுள்ள தரைப்படை அரும்பொருளகத்தில் பழைய கவச வண்டிகள் காட்சிப் பொருள்களாக நிற்கின்றன.

அக்காட்சியகத்திற்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், வண்டியின் எடையையும் பீரங்கியின் குழாய் அகலத்தையும் மட்டும் எழுதிவரச் சொன்னால் அது வரலாற்றுப் பாடமாகாது. அவ்வண்டி எந்தச் சாலையில் ஓடியது, அச்சாலையோரத்தில் வாழ்ந்தவர் யாவர், வேலிக்குள் அவர்கள் எவ்வாறு உண்டு உறங்கினர் என்று கேட்கச் செய்வதே பாடமாகும். ரவாங், செரண்டா, பத்து ஆராங் வட்டாரத்து முதியோர் சிலரிடம் இன்னும் அவ்விடைகள் உள்ளன. அவர்களோடு அவை மறையுமுன் ஏட்டில் ஏறவேண்டும்.

வலியும் காலமும் இடனும் அறிதல் வேந்தர்க்கும் தளபதியர்க்கும் மட்டும் உரிய கல்வியன்று. தங்கள் முன்னோர் எந்த வலிமைக்கு நடுவே, எந்தக் காலத்தில், எந்த இடத்தில் வாழ்ந்தனர் என்பதை அறிந்த தலைமுறையே தன் நிலையையும் அறியும். இரும்பின் வரலாறு அரும்பொருளகங்களில் நன்கு காக்கப்படுகிறது. அதனடியில் வாழ்ந்த மனிதரின் வரலாற்றைக் காப்பது பள்ளிக்கூடங்களின் கடமையாகும்.